முதல் பருவத்திலேயே நின்றுபோகும் பிள்ளைகள்: நம் மலைக் கல்லூரிகள் எதை அளக்க வேண்டும்?

வகுப்பாசிரியை_நீலகிரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

போன மாதம் எங்கள் துறையில் மாணவர் திருப்தி ஆய்வு எடுத்தோம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்காக எல்லாக் கல்லூரியிலும் எடுப்பதுதான், அந்த 21 கேள்விகள். பாடம் முழுக்க நடத்தினார்களா, ஆசிரியர் தயாராக வந்தாரா என்று போகும். முடிவு நன்றாகவே வந்தது. துறைத்தலைவர் கைகுலுக்கிப் பாராட்டினார்.

அன்று மாலை வேறொரு வேலைக்காகப் போன ஆண்டின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினேன். என் வகுப்பில் சேர்ந்தவர்கள் 58 பேர். இரண்டாம் பருவத் தேர்வு எழுதியவர்கள் 43 பேர். மீதி 15 பேர் எங்கே? ஆய்வில் அவர்கள் ஒருவர்கூட இல்லை. இருக்க முடியாது, கேள்வித்தாள் தருகிற நாளில் வகுப்பில் இருக்கிறவர்களிடம்தானே கொடுக்கிறோம். தங்கியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, மாணவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கல்லூரியில் முதல் வருடம் எப்படி இருக்கிறது என்பதை உண்மையாகத் தெரிந்துகொள்ள என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மாணவர்கள், பெற்றோர், நடுவில் படிப்பை விட்டவர்கள் எல்லோரும் எழுதினால் நல்லது.

---

பழைய_பேராசிரியர்

அம்மா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் 15 பேரையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். 30 வருடத்துக்கு மேல் இந்த மலையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஜூலையில் நம்மிடம் பெயர் கொடுத்துவிட்டு, பொறியியல் கலந்தாய்விலோ நர்சிங்கிலோ இடம் கிடைத்ததும் கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுகிற பிள்ளைகள் எப்போதும் உண்டு. அது இழப்பே இல்லை, அவர்கள் நினைத்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள். டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கியவர் எத்தனை பேர், வாங்காமலே காணாமல் போனவர் எத்தனை பேர் என்று முதலில் பிரியுங்கள். இரண்டாவது கூட்டம்தான் உங்கள் கவலைக்கு உரியது.

அறிமுக நிகழ்ச்சி நடத்தவில்லையா என்று கேட்கவேண்டாம், எல்லோரும் நடத்துகிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-இல் தீக்‌ஷாரம்ப் என்று வழிகாட்டியே கொடுத்திருக்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ மூன்று வாரம் வைக்கச் சொன்னது. நம் ஊரில் அது முதல் நாள் காலை முதல்வர் உரை, ராகிங் தடுப்புச் சட்டம் பற்றிக் காவல்துறை உரை, தேநீர், பிஸ்கட் என்று முடிகிறது. 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, அதைச் சொல்லவேண்டியதும் அவசியம்தான். ஆனால் 17 வயதுப் பிள்ளை அன்று தெரிந்துகொள்ள விரும்புவது சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை.

---

வகுப்பாசிரியை_நீலகிரி

சார், நீங்கள் சொன்னபடியே அலுவலகத்தில் பார்த்தேன். டிசி வாங்கியவர்கள் 6 பேர். மீதி 9 பேர் வாங்கவில்லை. அவர்களுடைய பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் அசலாக இன்னும் எங்கள் அலுவலக பீரோவில் இருக்கின்றன. ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்பது உறைகளையும் கையில் வாங்கியபோது மனசு கனத்துப்போனது.

---

சட்டம்_படித்தவன்

இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களின் அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்த உடனே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று யுஜிசி 2018-இலேயே அறிவித்துவிட்டது. அந்த 9 பேரும் வேறு படிப்பில் சேரவோ வேலைக்கு விண்ணப்பிக்கவோ அந்தத் தாள்கள் இல்லாமல் திண்டாடலாம். முதலில் அதைக் கொடுத்து அனுப்ப வழி பாருங்கள்.

---

நடுவட்டம்_பையன்

அக்கா, நான் அப்படிக் காணாமல் போனவன். உங்கள் கல்லூரி இல்லை, வேறு ஒன்று. ஆறு வருடம் ஆகிவிட்டது. கேட்டதால் எழுதுகிறேன்.

அப்பா அம்மா இருவரும் டான்டீயில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்தில். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். ஊட்டிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நாங்கள் சேர்ந்த ஜூலை மாதம் எங்கள் பக்கம் மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேற்குச் சரிவு முழுக்கத் தென்மேற்குப் பருவமழைதான். பைக்காரா பக்கம் மரம் விழுந்தால் பஸ் நிற்கும், மூடுபனியில் ஊர்ந்துதான் வரும். காலை முதல் மணி வகுப்பை வாரத்தில் மூன்று நாளாவது தவறவிடுவேன். ஊட்டியில் அன்று மழையே இருக்காது. லேட்டாகப் போய் நின்றால் “உனக்கு மட்டும்தான் மழையா?” என்று கேட்பார் ஒருவர். அவர் கெட்டவர் இல்லை, எங்கள் பக்கத்தை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசியில் அறிவிப்புப் பலகையில் 75 சதவீத வருகை இல்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் மூன்றாவது. பின்னால் நின்று பார்த்த ஒரு பெண், இது யார் என்று தோழியிடம் கேட்டாள். இரண்டு மாதம் ஒரே வகுப்பில் இருந்தும் நான் யார் என்று தெரியவில்லை. அன்று மதியம் பஸ் ஏறினேன். மறுநாள் அம்மாவிடம் காய்ச்சல் என்றேன். அடுத்த நாளும் காய்ச்சல். அப்புறம் போகவே இல்லை.

கல்லூரியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஒரு போன் வந்திருந்தால் போயிருப்பேன் அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன்.

---

வகுப்பாசிரியை_நீலகிரி

தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. நாங்களும் அதே பட்டியலை அதே பலகையில்தான் ஒட்டுகிறோம்.

---

குன்னூரிலிருந்து_கரோலினா

சொந்த ஊர் குன்னூர். இப்போது அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு கல்லூரியில் மாணவர் தரவுகளைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இந்த விஷயத்தை இங்கே ஒரு தனித் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். அதன் கதை நமக்கும் உதவும் என்று தோன்றுகிறது.

1970-இல் வியட்நாம் போர் நேரத்தில் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். அது ஓய்ந்ததும் துணைவேந்தர் நிலையில் இருந்த தாமஸ் ஜோன்ஸ், மாணவர்களைத் தண்டிப்பதோடு நிறுத்தாமல், இவர்களுக்கும் நமக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று யோசித்தார். 1972-இல் முதலாண்டு மாணவர்களுக்கென ஒரு பாடத்தைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகம் என்றால் என்ன, இங்கே எப்படிப் பிழைப்பது, யாரிடம் எதற்குப் போவது என்பதுதான் பாடமே. சிறு குழு, ஒரு ஆசிரியர், முழுப் பருவம். 1974-இல் அதன் பொறுப்புக்கு ஜான் கார்ட்னர் வந்தார். அவரே கல்லூரி முதலாண்டில் தடுமாறியவர். பின்னால் 1999-இல் பிரெவார்ட் என்ற ஊரில் ஒரு மையம் தொடங்கினார். கல்லூரிகள் தங்கள் முதலாண்டைத் தாங்களே மதிப்பிட்டுச் சரிசெய்துகொள்ள உதவுவதுதான் அதன் வேலை. பிரெவார்டும் நம்மைப் போல மலை ஊர்தான்.

அவர்கள் முறையில் எனக்குப் பிடித்த மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கேள்வித்தாளோடு தொடங்குவதில்லை. முதலாண்டு மாணவனுக்காக இப்போது நாம் என்னென்ன செய்கிறோம் என்று கல்லூரி முழுக்க ஒரு இருப்புக் கணக்கு எடுப்பார்கள். விடுதி, நூலகம், கட்டணக் கவுண்டர், விளையாட்டு எல்லாம் சேர்த்து. எடுத்துப் பார்த்தால் எல்லோரும் ஏதோ செய்துகொண்டிருப்பார்கள், மொத்தத்துக்கும் பொறுப்பு யாரிடமும் இருக்காது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு முதல் அதிர்ச்சி அதுதான்.

இரண்டு, மதிப்பீட்டுக் குழுவில் ஆசிரியர், அலுவலர், விடுதிக் காப்பாளர், மாணவர் எல்லோரும் இருப்பார்கள். ஒன்பது கோணங்களில் பார்ப்பார்கள். அதில் ஒன்று, எல்லா மாணவருக்கும் போய்ச் சேருகிறதா என்பது. நன்றாகப் படிப்பவனுக்கும் கல்லூரிக்கு அருகில் இருப்பவனுக்கும் எல்லாம் கிடைத்துவிடும். நடுவட்டம் தம்பிக்குக் கிடைத்ததா என்பதுதான் அந்தக் கேள்வி.

மூன்று, எந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் விழுகிறார்கள் என்று பாடவாரியாகப் பார்ப்பார்கள். முதல் பருவத்தில் ஏதோ ஒன்றிரண்டு பாடங்கள்தான் வாசலை அடைக்கும். தோற்றவர்களை மட்டும் எண்ணினால் போதாது, நடுவில் விட்டவர்களையும் சேர்த்து எண்ணவேண்டும்.

வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் 1975-இல் எழுதிய கருத்தும் இங்கே எல்லோருக்கும் அடிப்படை. ஒரு மாணவன் கல்லூரியை விடுவதற்கு அறிவுக் குறைவு மட்டும் காரணமில்லை, படிப்பிலும் மனிதர்களோடும் ஒட்டாமல் போவதுதான் பெரிய காரணம் என்றார். “இது யார்?” என்று அந்தப் பெண் கேட்டாளே, அதேதான்.

---

கௌரவ_விரிவுரையாளர்

குன்னூர் அண்ணா எழுதியது அருமை. ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் கல்லூரியில் முதலாண்டு வகுப்புகளில் பாதிக்கு மேல் என்னைப் போன்ற கௌரவ விரிவுரையாளர்கள்தான் எடுக்கிறோம். எந்தப் பிள்ளை எந்த வாரம் வாடிப்போகிறது என்று எங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் தர மதிப்பீட்டுக் குழுக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. அங்கே பேசுகிற மூத்தவர்கள் முதலாண்டுக்கு வகுப்பு எடுத்துப் பல வருடம் ஆகிறது. குழு அமைத்தால் எங்களையும் உட்கார வையுங்கள்.

---

கோத்தகிரி_அப்பா

எல்லாம் சரி. ஆனால் அங்கே ஒரு மாணவனுக்கு ஆலோசகர், மனநல மருத்துவர், தனி அலுவலகம் எல்லாம் இருக்கும். இங்கே ஒரு கிளார்க் முந்நூறு பேருக்கு யுமிஸ் என்ற அரசின் மாணவர் தகவல் தளத்தில் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறார். ஆசிரியர்களையே குறை சொல்லி என்ன பயன்? என் மகளுடைய வகுப்பாசிரியர் எட்டு மணிக்குமேல்தான் வீடு போகிறார்.

---

குன்னூரிலிருந்து_கரோலினா

குறை சொல்லவில்லை ஐயா. பணம் அதிகம் தேவைப்படாத பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். குறிப்பிட்ட நான்கு நாட்களில் மட்டும் தலை எண்ணினால் போதும், பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. சேர்க்கை முடிந்த நாள், முதல் அகமதிப்பீட்டுத் தேர்வு, தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாள், இரண்டாம் பருவத்தின் முதல் வாரம். இந்த நான்கு எண்ணையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதினால் எந்த இடத்தில் பிள்ளைகள் உதிர்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்றால் பஸ், விடுதி, பழக்கம். கட்டண நாளில் என்றால் பணம். நவம்பர் தேர்வுக்குப் பின் என்றால் பாடம். எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை, தேட ஆரம்பிக்க ஒரு இடம் கிடைக்கும்.

---

ஹட்டிப்பொண்ணு

நான் இப்போது இரண்டாம் ஆண்டு. நானும் எழுதலாமா?

வீட்டில் படுக மொழி, பள்ளியில் தமிழ், கல்லூரியில் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். அதைவிடக் கஷ்டம், கல்லூரிக்கென்று ஒரு மொழி இருக்கிறது பாருங்கள், அதை யாரும் சொல்லித்தரவில்லை. இன்டர்னல் 25 என்றால் என்ன, அலைட் பாடம் எது, அரியர் வந்தால் என்ன ஆகும், பார்ட் ஃபோர் எதற்கு. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பேசிக்கொண்டே போவார்கள். எனக்கு அக்டோபரில்தான் இன்டர்னல் மார்க் சேரும் என்பதே தெரியும். அதற்குள் இரண்டு தேர்வு போய்விட்டது.

திருப்தி ஆய்வு பற்றி உண்மையைச் சொல்கிறேன். கூகுள் ஃபார்மில் வந்தது, ஆங்கிலத்தில். நம் இமெயிலோடு திறந்தது. யார் எழுதினோம் என்று தெரிந்துவிடும் என்று பயந்து எல்லோரும் எல்லாவற்றுக்கும் மேல் மதிப்பெண்ணைத் தட்டிவிட்டோம். பாதிக் கேள்வி புரியவும் இல்லை.

இன்னொன்று. நடுவட்டம் அண்ணாவுக்கு ஜூலை மழை என்றால் எங்கள் கோத்தகிரிப் பக்கம் மழை அக்டோபர், நவம்பரில்தான் பெரிதாக வரும். வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை பேர் போனார்கள் என்று வீட்டில் இன்னும் பேசுவார்கள். அதனால் அந்த மாதம் மழை பிடித்தால் அம்மா அனுப்பவே மாட்டார். அப்போதுதான் பருவத் தேர்வு. ஒரே வகுப்பில் மேற்கே இருக்கிறவர்கள் தொடக்கத்தில் திணறுகிறார்கள், கிழக்கே இருக்கிறவர்கள் முடிவில் திணறுகிறோம். மேடம், உங்கள் பதிவேட்டில் ஊரும் பஸ் ரூட்டும் எழுத ஒரு இடம் இருக்கிறதா?

---

வகுப்பாசிரியை_நீலகிரி

இல்லை கண்ணு. பின்கோடு இருக்கிறது, பஸ் ரூட் இல்லை. ஒரு வகுப்பையே இரண்டு மழையாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. நீ சொல்லித்தான் தெரிகிறது.

---

கீழ்மலைக்காரன்

பழனி மலையிலிருந்து. எங்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கம். கொடைக்கானலில் பெண்களுக்கு 1984-இலிருந்து அன்னை தெரசா பல்கலைக்கழகமே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்குகிறார்கள். மலையிலிருந்து இறங்கிப் படிக்கிறவர்களின் சிக்கல் வேறு மாதிரி. வெயில், விடுதிச் சாப்பாடு, கூட்டம். எங்கள் பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதியில் இடம் உறுதியாகும் வரை சொந்தக்காரர் வீட்டில் தங்கு என்றார்கள். மலைக்குக் கீழே அவளுக்குச் சொந்தக்காரரே கிடையாது. இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த நாளில் அவள் காப்பித் தோட்டத்தில் வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

தயவுசெய்து இதையும் அளவுகோலில் சேருங்கள். சேர்ந்த நாளுக்கும் விடுதியில் படுக்கை கிடைத்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள்? உதவித்தொகை எத்தனை நாள் கழித்து வந்தது? அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1000 ரூபாய் பெரிய உதவி, மறுக்கவில்லை. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததால் முதல் மாதங்களில் வராமல் போகிற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய ஒருவர் வேண்டும்.

---

பழைய_பேராசிரியர்

நின்றுபோனவர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் ஒரு யோசனை. “ஏன் நின்றாய்?” என்று கேட்காதீர்கள். அது விசாரணை மாதிரி இருக்கும், “வீட்டுச் சூழ்நிலை சார்” என்று ஒரே பதில்தான் வரும். கடைசியாகக் கல்லூரிக்கு வந்த நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினாய், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், என்ன சாப்பிட்டாய் என்று நாளைச் சொல்லவிடுங்கள். காரணம் தானாக வந்துவிடும். நடுவட்டம் தம்பி எழுதியதே அப்படித்தான் இருக்கிறது.

முதலில் எழுதியபோது நான் கொஞ்சம் தற்காத்துக்கொண்டுதான் பேசினேன். என் வகுப்புகளிலும் டிசி வாங்காமல் போனவர்கள் இருந்தார்கள். ஒருவரையும் நான் கூப்பிட்டதில்லை.

---

வகுப்பாசிரியை_நீலகிரி (ஐந்து வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஒன்பது பேரில் ஏழு பேரிடம் பேசிவிட்டேன். சார் சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன்.

இரண்டு பேர் ஒரே பஸ் ரூட். நடுவட்டம் தம்பியின் கதையேதான், பலகையில் பெயர் வந்த நாள் வரை. ஒரு பெண்ணை ஆங்கில வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்லியிருக்கிறார்கள், வகுப்பே சிரித்திருக்கிறது. ஒரு பையனுக்குப் பணம் இரண்டு மாதம் வரவில்லை, பேக்கரியில் வேலைக்குப் போய்விட்டான். இன்னொரு பெண்ணின் அம்மாவுக்குக் கை உடைந்து, கொழுந்து பறிக்க இவள் போயிருக்கிறாள், ஒரு மாதத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான். திரும்பி வரலாமா என்று கேட்கக் கூச்சமாக இருந்ததாம். ஒருவன் பாடம் பிடிக்காமல் போனவன், இப்போது ஐடிஐயில் சந்தோஷமாக இருக்கிறான். ஏழாவது பெண் பேசவில்லை, அழுதாள். நானும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏழில் மூன்று பேர் திரும்பி வரவேண்டும் என்கிறார்கள். மறுசேர்க்கைக்கு முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறோம்.

முதல்வரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். இந்த இழையை அச்செடுத்துக் கொடுத்தேன். சில விஷயங்களுக்கு ஒப்புக்கொண்டார். வருகை குறைந்தவர் பட்டியலை இனிப் பலகையில் ஒட்டுவதில்லை. தொடர்ந்து மூன்று நாள் வராதவர் வீட்டுக்கு நான்காம் நாள் போன் போகும். அதே பஸ் ரூட்டில் வரும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரை ஒவ்வொரு புதியவருக்கும் இணைக்கிறோம். ஹட்டிப்பொண்ணு, உன் போன்ற ஐந்து பேர் உட்கார்ந்து கல்லூரிச் சொற்களுக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா? ஆறாவது வாரத்தில் பெயர் போடாத ஒரு சீட்டுத் தருவோம், தமிழில், மூன்றே கேள்வி. இங்கே யாரிடமாவது பெயர் சொல்லிப் பேசினாயா? எதைக் கேட்கத் தயங்குகிறாய்? எந்த வகுப்பில் தொலைந்துபோன மாதிரி இருக்கிறது? குழுவில் இரண்டு கௌரவ விரிவுரையாளர்களும் இருக்கிறார்கள்.

பஸ் நேரத்தை மாற்றப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. முதல் மணி வகுப்பை மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஜூலை, ஆகஸ்டில் மட்டும் தள்ளிவைப்பதற்குத் துறைத்தலைவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற பிள்ளைகள் மாலையில் வீடு திரும்ப இருட்டிவிடும், காட்டுமாடு நடமாட்டம் இருக்கிறது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். இதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

மீதி இரண்டு பேரின் போன் எண் வேலை செய்யவில்லை. விண்ணப்பத்தில் ஊர்ப் பெயர் இருக்கிறது, பந்தலூருக்கு அப்பால். வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானும், அந்தப் பக்கத்து இரண்டாமாண்டுப் பையன் ஒருவனும் போகிறோம். சான்றிதழ் உறைகள் இரண்டும் என் பையில் இருக்கின்றன.

---

நடுவட்டம்_பையன்

அக்கா, பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், நானும் ஏறிக்கொள்கிறேன். அந்தப் பக்கம் எனக்கு வழி தெரியும்.